ஒரே மரமா, ஒட்டு மரமா?

பி.காம். படித்தவனுக்கு உறவுக்காரர்கள் மத்தியில் மூன்று உத்தியோகங்கள் நிரந்தரம். ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் எழுதுவது, கல்யாண வீட்டில் மொய் நோட்டோடு உட்காருவது, 'இந்த வெலை நியாயமாடா?' என்று கேட்டால் தீர்ப்புச் சொல்வது. முதல் இரண்டுக்கும் காபி கிடைக்கும். மூன்றாவதற்கு வசவு!

எங்கள் வீராம்பட்டினத்தில் கடலுக்குப் போகாமல் பி.காம். போனவன் என்பதால் எனக்கு இந்த மூன்றாவது இலாகாவில் ஏகப்பட்ட கேஸ்கள். லேட்டஸ்ட் கேஸ், என் அக்கா மகளின் வீணை.

மூன்று வருஷமாக அரியாங்குப்பத்தில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்கிறாள். வீணை டீச்சருடையது. வீட்டில் சாதகம் செய்ய? மீன் பெட்டிப் பலகை ஒன்றைக் கழுவிக் காயவைத்து, சாக்பீஸால் 24 கோடு போட்டு, அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வராது, மீன் வாசனை மட்டும் வரும். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியப் போகிறது. இசையைப் பட்டப்படிப்பாகவே படிக்க அரியாங்குப்பத்திலேயே பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. ஆகவே, இனி பலகை போதாது.

தஞ்சாவூருக்கு போன் போட்டு விசாரித்தேன். இரண்டு விலை சொன்னார்கள். ஒட்டு வீணை 28,000 ரூபாய். ஏகாண்ட வீணை 65,000.

'ஏகாண்டம் என்றால்?' என்று கேட்பவர்களுக்கு: குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே பலா மரத்துண்டில் குடைந்து எடுப்பது. ஒட்டு வீணையில் இவற்றைத் தனித்தனியாகச் செய்து பொருத்துவார்கள். ஒரே மரம் என்றால் நாதம் எங்கேயும் தடைப்படாமல் ஓடும் என்பது நம்பிக்கை.

வித்தியாசம் 37,000. என் மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகு கரையில், அடுப்பு மட்டும் வழக்கம்போல் எரியவேண்டும். இன்ஜின் வேலையும் அப்போதுதான் பார்ப்பார்கள். அந்த 37,000 என்பது ஏறக்குறைய அந்த 61 நாள்தான்.

குடும்ப மகாநாடு கூடியது. அக்கா மகன், "எதுக்கு வீணை? உகுலேலே வாங்கிக் குடுங்க. மூவாயிரம்தான். அதுக்கும் நாலு தந்திதான்" என்றான். வீணையில் வாசிக்கிற தந்தி நாலு, பக்கத்தில் தாளத் தந்தி மூன்று, ஆக ஏழு என்று திருத்தினேன். 1879-ல் போர்ச்சுகல்காரர்கள் மதேய்ரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோன சின்ன கிதார்தான் உகுலேலே ஆனது. அங்கேயும் கோவா மரத்தில் கையால் செய்தது என்றால் நம் பணத்தில் லட்சத்தைத் தொடும் என்றேன். பையன் எழுந்து கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

நான் காமர்ஸ் மூளையைத் தட்டினேன். "மாமா, வீணை இருபது வருஷம் உழைக்கும்னு வெச்சிக்குவோம். 37,000-ஐ 7,300 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 5 ரூபா 7 காசு. ஒரு டீக்குக்கூட வராது!"

மாமா யோசித்தார். "செரிதான் மச்சான். ஆனா டீக்கடைக்காரன் இருபது வருஷத்துக் காச இன்னிக்கே எண்ணி வையின்னு கேக்க மாட்டானே?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை.

அக்கா வேறு பக்கத்திலிருந்து வந்தாள். "நம்ம செங்கழுநீர் அம்மன் தேரு வருஷத்துல ஒரு நாளுதான் ஓடுது. வெள்ளக்கார கவர்னருங்களே வந்து வடம் புடிச்ச தேரு. அதுக்கு யாராச்சும் நாள் கணக்குப் போட்டாங்களா?"

இப்படி மூன்று கட்சியாகப் பிரிந்து மூன்று பேர் தஞ்சாவூர் பஸ் ஏறினோம். மாமா, நான், அக்கா மகள்.

பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் வீணைக்கு 24 மெட்டு என்ற இன்றைய அமைப்பு வந்தது, அதில் அமைச்சர் கோவிந்த தீட்சிதருக்குப் பெரிய பங்கு என்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பெருமைக்குச் சொந்தமான பட்டறையில் நுழைந்தால், மரத்தூள் நடுவே வேட்டியை மடித்துக் கட்டி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உளி, சுத்தியல், கை. அவ்வளவுதான்.

பலா மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது என்றார் பெரியவர். நமக்குப் பக்கத்து ஊர் மரம்! 2011 டிசம்பரில் தானே புயல் அந்தப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

மாமா இரண்டு குடத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஐயா, எங்க தாத்தா கட்டுமரத்துல போனவரு. நாலஞ்சு மரத்தச் சேத்துக் கட்டுனதுதான். அதுலதான் அலையத் தாண்டிப் போயி கரைக்கு வந்தாரு. ஒட்டுன மரத்துல மட்டும் பாட்டு தாண்டாதா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "தாண்டும். கொழந்தைய வாசிக்கச் சொல்லுங்க."

அவள் இரண்டிலும் வாசித்தாள். ஏகாண்டம் ஒசத்திதான், ஸார். எனக்கே தெரிந்தது. தந்தியை விட்ட பிறகும் நாதம் நின்று கேட்டது. வாங்க முடியாததைப் பழிப்பது நரிக்கும் திராட்சைக்கும் நடந்த வியாபாரம். அதை நான் செய்யமாட்டேன்.

ஆனால் அவள் அதிக நேரம் வைத்திருந்தது ஒட்டு வீணையை. ஏன் என்று கேட்டேன். "இதுல தந்திய இழுத்து கமகம் புடிச்சா வெரலு சொன்ன எடத்துல நிக்குது மாமா" என்றாள்.

பெரியவர் விளக்கினார். மெட்டுகளை மெழுகும் கரியும் கலந்த மேளத்தில் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். எந்த மெட்டு எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது, காதுதான். ஒரு மயிரிழை தப்பினால் ஏகாண்டமும் வெறும் பலா மரம்தான். விலையில் மரத்தின் பங்கைக் கண்ணால் பார்க்கலாம். காதின் பங்கை வாசித்தால்தான் தெரியும். எனக்கு அங்கேதான் கணக்கு நேரானது.

மாமா கடல்காரர் கேள்விகளைக் கேட்டார். மெழுகு எங்கள் ஊர் வெயில் தாங்குமா? தந்தி உப்புக்காற்றில் என்ன ஆகும்? 'ஜன்னலோரம் வைக்காதீர்கள், வாசித்து முடித்ததும் தந்தியைத் துடையுங்கள், துருப்பிடித்தால் மாற்றுங்கள், சில வருஷத்துக்கு ஒரு தடவை மேளம் கட்டக் கொண்டு வாருங்கள்' என்றார். ஆக, வீணையும் படகு மாதிரி. வாங்குகிற செலவு ஒரு தடவை, பார்த்துக்கொள்கிற செலவு எப்போதும். மாமாவுக்கு அது சட்டென்று புரிந்தது.

ஒட்டு வீணையே முடிவாயிற்று. 28,000-ஐ எண்ணிக் கொடுத்தார். பேரம் பேசவில்லை! டீசலிலிருந்து ஐஸ் வரை எல்லாவற்றிலும் பத்து ரூபாயாவது குறைக்காமல் விடாத மனிதர். பஸ்ஸில் மெதுவாகக் காரணம் கேட்டேன்.

"ராவெல்லாம் முழிச்சிப் புடிச்சாந்த மீன, கார்ல வந்து எறங்கி பாதி வெலைக்குக் கேக்கறாங்களே, அப்ப உங்க அக்கா மொவம் எப்பிடி இருக்கும்னு நீ பாத்ததில்ல மச்சான்" என்றார். அப்புறம் பாண்டி வரும்வரை பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேஸ் இருந்தால் என் தீர்ப்பு இதுதான். வாசிக்கப் போகிறவரை அழைத்துப் போங்கள். மரத்தைப் பார்ப்பதற்கு முன் மேளத்தைப் பாருங்கள். பின்னால் ஆகும் செலவுக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். விரல் பழுத்து, சொந்த சம்பாத்தியமும் வந்தபின் ஏகாண்டம் கேட்டால், அது நியாயமான ஆசை. 65,000-ம் நியாயமான விலைதான். அடுப்பை அணைத்துவிட்டுக் கொடுக்கவேண்டிய விலை அல்ல, அவ்வளவுதான்.

இப்போது தினம் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை சாதகம். அந்த ஒரு மணி நேரம் அக்கா டி.வி. சீரியலை நிறுத்திவிடுகிறாள். தானே புயல்கூட எங்கள் வீட்டில் கரண்டைத்தான் நிறுத்தியது. கரண்ட் இருக்கும்போதே சீரியலை நிறுத்திய பெருமை, இந்த ஒட்டு வீணைக்குத்தான்!