பதினைந்து நாள் வசந்தம்

சென்னையிலிருந்து மாற்றலாகி தில்லிக்கு வரும் அரசு ஊழியரை முதலில் திகைக்க வைப்பது டிசம்பர் குளிர் அல்ல, மார்ச் மாதம். குளிரைப் பற்றி ஊரிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். மார்ச்சைப் பற்றி யாரும் சொல்வதில்லை. காலையில் ஸ்வெட்டர், மதியம் மின்விசிறி, இரவில் மறுபடியும் போர்வை. பள்ளிப் புத்தகத்தில் இலையுதிர் காலம் ஒரு பக்கத்திலும் வசந்தம் வேறொரு பக்கத்திலும் இருந்தன. தில்லியில் இரண்டும் ஒரே வாரத்தில் வருகின்றன. வேம்பும் அரசும் இலைகளைக் கொட்டிய கையோடு தளிர்விடுகின்றன. பில்கன் என்று வடக்கே அழைக்கப்படும் ஆலமரத்தின் உறவுக்கார மரம் திடீரென்று செப்பு நிறத்துக்கு மாறி, சில நாட்களில் பச்சைக்குத் திரும்பிவிடுகிறது. பத்து நாள் ஊருக்குப் போய்வந்தால் அந்தக் காட்சி போயே போச்சு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வெகு தூரத்தில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்து சேரும் மேகக் கூட்டங்களை வானிலைத் துறையினர் 'மேற்கத்திய இடையூறு' என்கிறார்கள். குளிர்காலத்தில் இமயமலையில் பனியையும் சமவெளியில் கோதுமைக்கு மழையையும் தருவது இதுதான். மார்ச்சிலும் அது வந்தால் தில்லியில் இடி, ஆலங்கட்டி, மறுநாள் குளிர்காற்று. வராவிட்டால் ராஜஸ்தானிலிருந்து வரும் வெயில்தான். ஆக, தில்லியின் வசந்தம் என்பது இரண்டு வெளியூர்க்காரர்களுக்கு இடையில் நடக்கும் இழுபறி.

அண்மை ஆண்டுகளில் இழுபறி கொஞ்சம் முரட்டுத்தனமாகவே நடக்கிறது. சாதாரணமாக மார்ச் மாதம் முழுக்க 20 மி.மீ. மழையைக்கூடத் தொடாத தில்லியில் 2020 மார்ச்சில் 100 மி.மீட்டருக்கு மேல் கொட்டியது. மறு வருடம், 2021 மார்ச் 29ஆம் தேதி, ஹோலியன்று, வெப்பம் 40.1 டிகிரி, 1945க்குப் பிறகு மார்ச்சில் அப்படியொரு நாள் இருந்ததில்லை. 2022 மார்ச்சில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஒரு சொட்டு மழை பதிவாகவில்லை. நாடு முழுவதற்குமாகக் கணக்கிட்டால், 1901இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அதுவரை கண்டிராத வெப்பமான மார்ச் அதுதான். கோதுமை மணிகள் சுருங்கின. மே மாதம் மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2023இல் பிப்ரவரியே சுட்டெரித்தது. சரி, கோடை வந்துவிட்டது என்று தில்லிவாசிகள் கம்பளிகளைப் பெட்டியில் வைத்த பிறகு மார்ச்சில் மழை பிடித்துக்கொண்டது, 50 மி.மீட்டருக்கு மேல்.

விவசாயிக்கு இது வயிற்றுப்பாடு. தோட்டக்காரருக்கு, அதாவது தில்லி பாஷையில் 'மாலி'க்கு, இது மானப் பிரச்சினை. அவர் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, நவம்பரில் நாற்றுப் பறித்து நட்டு, பனியில் காத்து வளர்த்ததெல்லாம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை பூத்துக் குலுங்கவேண்டும். பெட்டூனியா, பேன்சி, ஃப்ளாக்ஸ், ஸ்வீட் பீ, ஹாலிஹாக், டேலியா: பெயர்ப் பட்டியலைப் படித்தாலே இது யார் வீட்டுத் தோட்டம் என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் ஜூன் மாதம் பூப்பவற்றை பிரிட்டிஷ்காரர்கள் தில்லியில் பிப்ரவரியில் பூக்க வைத்தார்கள். லட்யன்ஸ் வரைந்து, தோட்டக்கலை நிபுணர் வில்லியம் மஸ்டோ 1928-29இல் செடி வைத்த குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம்தான் இதன் உச்சம். 15 ஏக்கர். முகலாயத் தோட்டம் என்று அறியப்பட்டிருந்த அது 2023 ஜனவரியிலிருந்து 'அம்ருத் உத்யான்'. பெயர் மாறினாலும் பூக்களின் ஜாதகம் மாறவில்லை. 35 டிகிரியை மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் பேன்சி தலை சாய்ந்துவிடும்.

பிரிட்டனில் வசந்தத்தின் எதிரி திரும்பி வரும் உறைபனி. அங்குள்ள தோட்டக்காரர் மே மாதம் வரை நாற்றை வெளியே வைக்க யோசிப்பார். தில்லியில் எதிரி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் இருவரின் தவிப்பும் ஒன்றே: நேற்றுப் பார்த்த வானத்தை நம்பி இன்று எதையும் செய்ய முடியாது.

இத்தனைக்கும் நடுவில் புதுதில்லி மாநகராட்சி ட்யூலிப் பூக்களிலும் கை வைத்திருக்கிறது. ஹாலந்திலிருந்து கிழங்குகளை வரவழைத்து, ஜி-20 மாநாடு நடந்த 2023இல் ஒரு லட்சத்துக்கும் மேல் நட்டார்கள். சாந்தி பாதையில் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் அடுத்த வருடம் மறுபடி பூக்க அந்தக் கிழங்குக்குப் பல வாரங்கள் நீடிக்கும் குளிர் வேண்டும். தில்லி மண்ணில் அது கிடைக்காது. இரண்டு மூன்று வாரப் பூவுக்கு விமானம் ஏறி வரும் கிழங்கு என்பது, ஊரெங்கும் இலவ மரம் இலவசமாகப் பூத்துக்கொண்டிருக்கும் பருவத்தில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஆம், இலவம். வடக்கே 'செமல்' என்கிறார்கள். முள் நிறைந்த தண்டு, ஒரு இலைகூட இல்லாத கிளைகள், அவற்றில் கையகலச் சிவப்புப் பூக்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து இந்த மரம் ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம். ஒவ்வொரு பூவும் தேன் நிரம்பிய கிண்ணம் என்பதால் மைனா, காகம், புல்புல், அணில் எல்லாம் பந்திக்கு முந்துகின்றன. இலவு காத்த கிளியைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பரிகசித்து வருகிறார்கள். தில்லிக் கிளி அவ்வளவு ஏமாளி இல்லை. காய்க்கும்வரை காத்திராமல் பூவிலேயே கணக்கை முடித்துக்கொள்கிறது.

பந்திக்கு ஒரு தமிழ்நாட்டு விருந்தாளியும் வருகிறது. குளிர்காலத்தைத் திருநெல்வேலிச் சீமை உட்பட தெற்கே கழிக்கும் சூறைக்குருவிகள், மத்திய ஆசியாவுக்குத் திரும்பும் வழியில் மார்ச், ஏப்ரலில் தில்லியில் இறங்குகின்றன. உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கறுப்பு. கூட்டமாக வந்து இலவத்தையும் முசுக்கட்டைப் பழத்தையும் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடும். அதே நாட்களில் யமுனைப் படித்துறைகளில் பொரி வாங்கித் தின்ற கடற்காகங்களும், ஓக்லா நீர்ப்பரப்பில் இருந்த வாத்துக்களும் வடக்கே போயாகிவிட்டது. வருகையும் புறப்பாடுமாக ரயில் நிலையம் போல இருக்கும் இந்த மாதத்தைக் கவனித்துக் குறித்துவைக்கும் பழக்கம் தில்லிக்குப் புதிதல்ல. 1950இல் தொடங்கிய தில்லி பறவை நோக்கர் சங்கத்தில் இந்திரா காந்தியும் உறுப்பினராக இருந்தார். உஷா கங்குலி தில்லிப் பறவைகளுக்கான கையேட்டை 1975இல் வெளியிட்டார்.

ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் வசந்தம் இதைவிடச் சிறியது, பால்கனியில் அடங்கிவிடும். கறிவேப்பிலைச் செடிதான் அதன் நாயகன். ஜனவரிக் குளிரில் இலைகளைக் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும்போது, செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்படக்கூடாது. தண்ணீரைக் குறைத்துவிட்டு, நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். பிப்ரவரி கடைசியில் நுனிகளைக் கிள்ளி, மக்கிய எரு போட்டால் மார்ச்சில் தளிர் வரும். மல்லிகையையும் அதற்கு முன்பே வெட்டிவிட்டால் ஏப்ரலில் மொட்டுப் பார்க்கலாம்.

தளிர் வந்த ஒரு வாரத்தில் அதன்மேல் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சமல்ல, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவை தின்னாமலிருக்கப் போட்ட வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பு நிறத்தில் பிளவுபட்ட கொம்பை நீட்டி நாற்றத்தை வீசும். குளிரெல்லாம் கழிந்து இப்போதுதான் சாம்பாருக்கு நாலு இலை கிடைத்திருக்கிறது, அதற்கும் பங்காளியா என்று மாமிகளுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் பூச்சிமருந்து அடித்த இலையைச் சமையலில் போடவும் முடியாது. எலுமிச்சைத் தொட்டி ஒன்று இருந்தால் புழுக்களை அதற்கு மாற்றிவிடலாம். அதே ஜாதிச் செடி, அவை ஆட்சேபிப்பதில்லை. இரண்டு மூன்று வாரத் தீனிக்குப் பிறகு கூட்டுப்புழுவாகித் தொங்கிவிடும்.

மார்ச்சின் உண்மையான ஆபத்து புழுவிடமிருந்து வருவதில்லை. அரிவாளோடு வருகிறது. வெயில் ஏறுமுன் மரங்களைக் 'கழித்துவிடும்' வேலையைக் குடியிருப்போர் சங்கங்கள் ஆரம்பிக்கும் நேரம் இது. மின்கம்பியில் உரசுகிறது, கார்மேல் எச்சம் விழுகிறது, மாடிக்கு வெயில் வரவில்லை என்று காரணங்கள் பல. பறவைகள் கூடு கட்டும் நேரமும் இதுதான். செம்மார்புக் குக்குறுவான் 'டொக் டொக்' என்று நாள் முழுக்கப் பாத்திரக்கடை போலக் கத்திக்கொண்டே, காய்ந்த கிளையில்தான் பொந்து குடைகிறது. அந்தக் காய்ந்த கிளைதான் முதலில் வெட்டுப்படுகிறது. சாம்பல் இருவாச்சிக்கு முதிய மரத்தின் பொந்து வேண்டும். பெண் பறவை உள்ளே போய் வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும்போது மரம் சாய்ந்தால் அதற்குத் தப்ப வழியில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் குலைப்பதையும் வேட்டையாடுவதோடு சேர்த்தே எண்ணுகிறது. இருந்தும் 15.7 செ.மீ. சுற்றளவு வரையிலான கிளைகளைத் தனி அனுமதி இல்லாமலே வெட்டலாம் என்று தில்லி அரசின் வழிகாட்டு நெறிகள் சலுகை கொடுத்திருந்தன. 2023 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிட்டுக்குருவியை 2012இல் மாநிலப் பறவையாக அறிவித்த நகரத்துக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டதுதான் வேடிக்கை.

உதிர்ந்த இலைகளின் கதையும் இதே மாதிரிதான். திறந்தவெளியில் இலையையோ குப்பையையோ கொளுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. காலை நடை போகிறவர்களின் மூக்குக்குப் புகை இன்னும் எட்டத்தான் செய்கிறது. பூங்கா மூலையில் கம்பிவலையால் ஒரு கூண்டு, அதில் இலைகளைக் கொட்டி, நடுநடுவே மண்ணும் தண்ணீரும் சேர்த்துவிட்டால் மீதி வேலையை ஜூலை மழை பார்த்துக்கொள்ளும். அக்டோபரில் பெட்டூனியா விதைக்க மாலி எருவைத் தேடும்போது அது அங்கே தயாராக இருக்கும்.