பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடலாமா?

வீட்டில் கிராமபோன் தட்டு இருக்கிறது. தட்டைச் சுழற்றும் பெட்டி இல்லை. பாட்டுக் கேட்குமா? கேட்காது!

கம்ப்யூட்டர் தட்டுகளின் கதையும் இதுதான். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பது இல்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்ததும், பழையதை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பழைய தட்டுகள் மட்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. என்ன பயன்?

இங்கிலாந்து நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

மன்னர் எடுத்த கணக்கு

அந்த நாட்டை வில்லியம் என்ற மன்னர் ஆண்டார். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று ஊர் ஊராகக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1086-ம் ஆண்டில் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. பதப்படுத்திய தோலில், மையினால் எழுதி வைத்தார்கள். அதற்கு "டூம்ஸ்டே புத்தகம்" என்று பெயர். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அது இருக்கிறது. பழைய லத்தீன் எழுத்துத் தெரிந்தவர்கள் இன்றும் அதைப் படிக்கலாம்.

900 ஆண்டுகள் ஆயின. இதே போல ஒரு புதுக் கணக்கை எடுத்து 1986-ம் ஆண்டில் வெளியிட, பி.பி.சி. வானொலி-டெலிவிஷன் நிறுவனம் ஏற்பாடு செய்தது. இந்தத் தடவை எழுதியவர்கள் அதிகாரிகள் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள்!

நாட்டை 4 கிலோ மீட்டர் நீளமும் 3 கிலோ மீட்டர் அகலமும் உள்ள கட்டங்களாகப் பிரித்தார்கள். எங்கள் ஊரில் என்ன கடை இருக்கிறது, நாங்கள் என்ன சாப்பிடுகிறோம், என்ன விளையாடுகிறோம் என்று பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள். போட்டோவும் எடுத்தார்கள். மொத்தம் 10 லட்சம் பேருக்கு மேல் இதில் பங்கு கொண்டார்கள்.

அவ்வளவையும் 2 பெரிய லேசர் தட்டுகளில் பதிந்தார்கள். அதைப் பார்ப்பதற்கு பி.பி.சி. மாஸ்டர் என்ற கம்ப்யூட்டரும், பிலிப்ஸ் கம்பெனி செய்த ஒரு தனிப் பெட்டியும் வேண்டும். விலை சுமார் 5,000 பவுன்! பல பள்ளிக்கூடங்களால் வாங்க முடியவில்லை. எழுதிய பிள்ளைகளிலேயே பலர், தாங்கள் எழுதியதைப் பார்க்கவில்லை.

அந்த மாதிரித் தட்டும் உலகில் பரவவில்லை. கம்ப்யூட்டர்களும் ஒவ்வொன்றாகப் பழுதாயின. 2002-ம் ஆண்டில் பெரிய கவலை பிறந்தது. 900 ஆண்டுக்கு முந்திய தோல் புத்தகத்தைப் படிக்க முடிகிறது. 16 ஆண்டுக்கு முந்திய தட்டைப் படிக்க முடியாமல் போய்விடுமோ?

லீட்ஸ் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேலையில் இறங்கின. பழைய கம்ப்யூட்டரைப் போல வேஷம் கட்டி நடிக்கும் ஒரு புரோகிராமை எழுதினார்கள். புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடியது. ஆனால் தட்டில் இருந்ததை வெளியே எடுக்க எது உதவியது? ஓடுகிற நிலையில் இருந்த பழைய எந்திரம்தான்! அதுவும் எடைக்குப் போயிருந்தால், எத்தனை பெரிய அறிஞர் வந்தும் வேலை எளிதாக முடிந்திருக்காது.

2011-ம் ஆண்டில், பிள்ளைகள் எழுதியதை பி.பி.சி. இன்டர்நெட்டில் வெளியிட்டது. சிறு பிள்ளைகளாக இருந்தபோது எழுதியவர்கள், பெரியவர்கள் ஆன பிறகு அதைப் பார்த்தார்கள்.

அதே எந்திரம் எதற்கு?

"புது எந்திரம் பழையதை விடக் கெட்டிக்கார எந்திரம் ஆயிற்றே, அது படிக்காதா?" என்று கேட்கலாம்.

படிக்காது. பிளாப்பி தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று போல இருக்கும். ஆனால் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் பழைய பிளாப்பிகளில் ஒரு வகை உண்டு. தட்டின் ஓரத்தைப் படிக்கும்போது எந்திரம் ஒரு வேகத்தில் சுற்றும். நடுப்பக்கம் போகும்போது வேறு வேகத்தில் சுற்றும். மற்றக் கம்ப்யூட்டர்களின் டிரைவோ எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். அதில் போட்டால், தட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடும்! அதை நம்பித் தட்டைக் குப்பையில் போட்டவர்களும் இருப்பார்கள்.

பழைய எந்திரத்தை வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலை அல்ல. ரப்பர் பெல்ட் இற்றுப்போகும். உள்ளே இருக்கும் பேட்டரி கசிந்து, செம்புக் கம்பிகளை அரித்துவிடும். மாற்று உறுப்புக் கடையில் கிடைக்காது. இன்னொரு பழைய எந்திரத்தைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் இடத்தை அடைக்கும். குடும்பத்தில் திட்டும் விழும்!

திட்டுக்கு அஞ்சாத ஒரு அம்மாளின் கதை அமெரிக்காவில் உண்டு.

கார் கொட்டகையில் சந்திரன்

சந்திரனில் மனிதன் எங்கே இறங்கலாம் என்று பார்த்து வர, 1966, 1967-ம் ஆண்டுகளில் அமெரிக்கா 5 விண்கலங்களை அனுப்பியது. அவை எடுத்த படங்கள் சுமார் 1,500 நாடாக்களில் பதிவாகி இருந்தன. பிறகு அவற்றைக் கேட்பார் இல்லை. அழிக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, நாடாக்களுக்குப் பொறுப்பாக இருந்த நான்சி எவன்ஸ் என்ற பெண்மணி சம்மதிக்கவில்லை.

நாடா இருந்தால் போதுமா? ஓட்டும் எந்திரம் வேண்டுமே! விமானப் படை கழித்துப்போட்ட ஆம்பெக்ஸ் எந்திரங்களைத் தேடிப் பிடித்தார். ஒவ்வொன்றும் பீரோ அளவு இருக்கும். அவற்றைத் தன் வீட்டுக் கார் கொட்டகையில், சுமார் 20 ஆண்டுகள் வைத்திருந்தார். அரசாங்கம் செய்ய வேண்டியதை ஒரு பெண்மணி தன் வீட்டில் செய்தார்.

2008-ம் ஆண்டில் அந்த எந்திரங்களை, கலிபோர்னியாவில் காலியாகக் கிடந்த ஒரு ஓட்டல் கட்டிடத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்த வேலையில் கை பழகிய பழைய ஆட்களை அழைத்துப் பழுது பார்த்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு படம் வெளியாயிற்று. சந்திரனின் விளிம்புக்கு மேலே பூமி தெரியும் படம்! 1966 ஆகஸ்டு 23-ந் தேதி எடுத்தது. முன்பு பத்திரிகைகளில் மங்கலாக வந்த அதே படம், இப்போது பளிச்சென்று இருந்தது.

அதற்காக, எல்லாவற்றையும் பழைய எந்திரத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பது சரி ஆகாது. அமெரிக்க அணுகுண்டுப் படைகளுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு, 8 அங்குல பிளாப்பியில் நடந்து வந்தது. 2016-ம் ஆண்டில் அரசாங்கத் தணிக்கை இதை எடுத்துச் சொன்னபோது, பலரும் திகைத்தார்கள். 2019-ல்தான் மாற்றினார்கள். அது பாதுகாப்பு அல்ல, சோம்பல். பழைய எந்திரத்துக்கு உரிய வேலை, உள்ளே இருப்பதைப் புது இடத்துக்கு எடுத்துக் கொடுப்பதுதான்.

ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் ஆபீஸ்கள், பழைய தட்டுகள் முழுவதையும் படித்து எடுத்த பிறகே பழைய எந்திரத்தை விற்க வேண்டும். கடைசியாக மிஞ்சும் ஒரு எந்திரத்தை விற்கவே கூடாது. அது ஓடுகிற நிலையில் ஒரு நூல் நிலையத்திலோ, காட்சிச்சாலையிலோ இருக்கட்டும். கண்ணாடிக்குள் பூட்டி வைத்தால் போதாது. அடிக்கடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் உள்ள கம்ப்யூட்டர் காட்சிச்சாலையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னும் ஒன்று. பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. அவர்களிடம் இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து அனுப்ப வேண்டும். எந்த உறுப்பு எங்கே உடையும் என்பது அந்தப் பெரியவர்களின் விரலுக்குத்தான் தெரியும்.