விதை மட்டும் விளைவிப்பதில்லை

2025 மே 4 அன்று ஒன்றிய வேளாண் அமைச்சர், மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் இரகங்களைப் புதுதில்லியில் அறிமுகப்படுத்தினார். அவற்றுள் ‘கமலா’ என்னும் இரகம் விளைச்சலைக் கூட்டும், தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று அறிவிக்கப்பட்டது. அறிவியலாளரின் உழைப்பை நாம் இகழவில்லை. ஆனால், விதையை மாற்றினால் உழவரின் வாழ்வு தானே மாறிவிடும் என்னும் ஆளும் வர்க்கப் பிரச்சாரத்தை வங்காளத்தின் வயல்களில் உரசிப் பார்ப்பது நமது கடமை.

விளைச்சல் என்பது விதைக்குள் பூட்டி வைக்கப்பட்ட புதையலன்று. மண், நீர், வெயில், பருவம், நோய் ஆகியவற்றோடு ஓர் இரகம் கொள்ளும் உறவின் பயனே அது. 1942இன் பிற்பகுதியில் வங்காளத்தில் மழையும் மூட்டமும் நீடித்தன. பழுப்புப் புள்ளி நோய் நெற்பயிரைத் தாக்கியது. சின்சுரா, பாங்குரா ஆய்வுப் பண்ணைகளில் 1941இல் நன்கு விளைந்த அதே இரகங்கள் 1942இல் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தன. முன்னதாகவே முற்றிய இரகங்கள் ஓரளவு தப்பின. பயிர்நோய் அறிஞர் பத்மநாபன் 1973இல் இதனைப் பதிவு செய்தார். விதை மாறவில்லை, சூழல் மாறிற்று.

அடுத்த ஆண்டின் பஞ்சத்துக்கு அந்நோய் மட்டுமே காரணமா? 1943இல் வங்காளத்தில் கிடைத்த உணவு தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941ஐவிட அதிகம் என்றும் அமர்த்திய சென் கணக்கிட்டுக் காட்டினார். போர்க்கால விலையேற்றமும் பதுக்கலும் காலனி அரசின் கொடுமையும் சேர்ந்து 30 இலட்சம் உயிர்கள் வரை பறித்தன. நெல்லை விளைவித்த கிராமத்து மக்களே, வடித்த கஞ்சியேனும் தாருங்கள் என்று கல்கத்தாத் தெருக்களில் கையேந்தி மாண்டனர்.

இன்றைய வயலுக்கு வருவோம். நமது சம்பாவை ஒத்த மழைக்காலப் பயிர் ஆமன். நவரையை ஒத்த பாசனப் பயிர் போரோ. ஏக்கருக்குக் கூடுதலாக விளைவது போரோவே. மேகமற்ற வானம், கட்டுக்குள் நிற்கும் நீர், உரத்தை ஏற்றுச் சாயாத குட்டை இரகம் ஆகிய மூன்றும் அங்கே சேர்கின்றன. அதே குட்டை இரகத்தைப் பள்ளக்காலில் ஆமன் பருவத்தில் நட்டால் வெள்ளத்தில் மூழ்கும். போரோவுக்கான நீரோ நிலத்தடியிலிருந்து வருகிறது. குழாய்க் கிணறு இல்லாத சிறு விவசாயி அதனை விலைக்கு வாங்குகிறார். ஆக, ‘உயர் விளைச்சல்’ என்னும் சொல்லுக்குள் நீரின் உடைமை ஒளிந்திருக்கிறது.

நிலத்தின் உடைமையும் அவ்வாறே. 1978இல் இடது முன்னணி அரசு தொடங்கிய ஆபரேஷன் பர்கா, 14 இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குச் சாகுபடியாளர்களைப் பதிவு செய்தது. வெளியேற்றத்திலிருந்து அவர்களைக் காத்தது. விளைச்சலில் அவர்களது பங்கை உறுதி செய்தது. அதனால் விளைச்சலும் உயர்ந்தது என்பதை 2002இல் அபிஜித் பானர்ஜி, கெர்ட்லர், கட்டக் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஆய்ந்து காட்டினர். அவர்கள் நமது கட்சியினர் அல்லர்!

தஞ்சைத் தரணியும் இதற்குச் சான்று. அங்கே ஆடுதுறை 27 குறுவையின் விளைச்சலைப் பெருக்கிற்று. பெருகிய நெல்லில் தமது கூலிக்கு உரிய பங்கைக் கேட்ட தொழிலாளரின் குடும்பத்தினர் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் எரிக்கப்பட்டனர். விதை பெருக்கியதை வர்க்கம் பங்கிட்டது.

மறுபுறம், பாரம்பரிய விதைக்குத் திரும்பினாலே போதும் என்போரும் உளர். 2009இல் ஐலா புயல் சுந்தரவனத்தில் உப்புநீரைப் புகுத்தியபோது, உப்பைத் தாங்கும் பழைய இரகங்களின் அருமை புலனாயிற்று. அவற்றைக் காக்க வேண்டும், ஐயமில்லை. ஆனால் உடைந்த கரையை எந்த நெல்லும் கட்டாது. கந்துவட்டியை எந்த நெல்லும் அடைக்காது. இவ்விரு தரப்பினரும் விதையைத் தொழுது உழவரை மறக்கின்றனர்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை: வட்டாரச் சூழலுக்கேற்ற இரகங்களை உருவாக்கப் பொதுத்துறை ஆய்வு நிலையங்களுக்குப் போதிய நிதி, விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு உள்ள உரிமைக்குப் பாதுகாப்பு, குத்தகை விவசாயிகளின் பதிவு, பதிவு பெற்றோருக்குக் கடனும் காப்பீடும், சட்டப்பூர்வக் கொள்முதல் விலை. தோழர்களே, புதிய விதையின் புகழ் பாடப்படும் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். நிலம் யாருடையது, நீர் யாருடையது, விளைந்தது யாருக்கு என்று எழுந்து கேளுங்கள்.

காளிகாட், கொல்கத்தா