இழப்பீடு: இரக்கமா? உரிமையா?

'இழப்பீடு' என்னும் சொல் நாளிதழ்களில் நாள்தோறும் நம் கண்ணில் படுகிறது. பேச்சு வழக்கில் இதனை 'நஷ்டஈடு' என்பர். இழப்பு எதுவென்று எவருக்கும் விளங்கும். ஈடு என்பதில்தான் தடுமாற்றம். ஈடு என்றால் ஒப்பு. அடமானத்திற்கும் அதுவே பெயர். சாலை விபத்தில் காலை இழந்தவருக்கு எத்தொகை ஒப்பாகும்? எதுவும் ஆகாது. எதுவும் ஆகாது என்பதனாலேயே கிடைத்தது போதும் என்று வாங்கிக்கொள்ளும் மனப்பாங்கு நம்மிடையே வேரூன்றிவிட்டது. அம்மனப்பாங்கு எத்தனைக் குடும்பங்களைத் தாழ்த்தியிருக்கிறது என்பதை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் ஊர்ப்பக்கம் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை மறக்க இயலவில்லை. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், முப்பது வயதுக்கு உட்பட்டவர், சந்தையிலிருந்து மிதிவண்டியில் திரும்பும்போது சிறு சரக்குவண்டி ஒன்று மோதியது. இடக்கால் முறிந்தது. வண்டிக்காரரும் அயலூர்க்காரர் அல்லர். மூன்றாம் நாள் மருத்துவமனைக் கட்டிலருகே பெரியவர்கள் கூடினர். "போலீஸ், கோர்ட் என்று ஏன் அலைய வேண்டும்? அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே" என்றனர். நாற்பதாயிரம் ரூபாய் கைமாறியது. இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் கட்டிலில் படுத்தபடியே அவர் கையொப்பமிட்டார். எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகக் கூடியது. மூட்டை தூக்கும் வாழ்வு அத்துடன் முடிந்தது. இன்று ஒரு கடை வாசலில் இரவுக் காவல் இருக்கிறார். அன்று அக்கட்டிலருகே நின்றவர்களுள் நாமும் ஒருவர். ஒரு சொல்லும் மறுத்துரைத்தோம் அல்லோம்.

அப்பெரியவர்களின் நெஞ்சில் கள்ளம் இல்லை. சமாதானம் செய்துவைப்பது நற்செயல் என்றே அவர்கள் முனைந்தனர். ஆயினும் ஒன்றைக் கேட்க மறந்தனர்: அவ்வண்டிக்குக் காப்பீடு இருந்ததா? இருந்தது. சாலையில் ஓடும் வண்டியினால் பிறருக்கு நேரும் தீங்கிற்குக் காப்பீடு செய்திருப்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். காப்பீட்டு நிறுவனம் தரவேண்டியதை வண்டிக்காரர் கடன் வாங்கித் தந்தார். பெறவேண்டியவரோ பெறவேண்டியதில் சிறு பகுதியையே பெற்றார். இருவர்க்கும் இரங்கப்போய் இருவர்க்கும் இழப்பு! காவல் நிலையத்தில் பதிவும் இல்லாமற்போனதால் பின்னர்த் தீர்ப்பாயத்தை நாடும் வழியும் ஏறக்குறைய அடைபட்டது. ஓட்டுநர்மீதான குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு என்பதை ஊரில் எடுத்துச் சொல்வார் இல்லை.

இழப்பீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறியின் இந்த அவசரம் எத்துணைப் பெருந்தவறு என்பது தெளிவாகும். மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, படுக்கையில் கிடந்த மாதங்களின் வருவாய் ஆகியன ஒருபுறம். வலிக்கும் வேதனைக்கும், இழந்த வாழ்வின்பங்களுக்கும், மணவாய்ப்புக் குறைந்தால் அதற்கும் ஒரு தொகை மறுபுறம். இவையெல்லாவற்றினும் பெரிது எதிர்கால வருவாய் இழப்பு. ஊரில் பேரம் பேசுவோர் மருத்துவமனைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். பெரிதை விட்டுச் சிறிதை எண்ணும் கணக்கு அது.

2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதுபற்றி அளித்த தீர்ப்பு ஒவ்வொருவரும் அறியத்தக்கது. மருத்துவர் தரும் ஊனச் சான்றிதழின் விழுக்காடும், வருவாய் ஈட்டும் திறன் இழந்த விழுக்காடும் ஒன்றல்ல என்றது நீதிமன்றம். இடக்கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் ஊனம் ஏறத்தாழ 60 விழுக்காடு எனக் கொள்வோம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருப்பின் அவர் இழப்பு 100 விழுக்காடு என்றே சொல்லலாம். அவரே அரசு அலுவலக எழுத்தராயின் வேலை போகாமலும் இருக்கலாம். காயம் ஒன்றே, அது யார் உடம்பில் விழுந்தது என்பதே கணக்கை மாற்றுகிறது.

எண்களாலேயே விளக்குவோம். இருபத்தெட்டு வயது ஓட்டுநர் ஒருவரின் மாத வருவாய் 15,000 ரூபாய் என்க. ஆண்டுக்கு 1,80,000. வருங்கால உயர்வுக்காக, நாற்பது வயதுக்கு உட்பட்ட, நிரந்தரப் பணியில் இல்லாதவர்க்கு 40 விழுக்காடு கூட்டவேண்டும் என்பது உயிரிழப்பு வழக்குகளுக்காக 2017இல் வகுக்கப்பட்ட நெறி. ஊனமுற்றோர்க்கும் இவ்வுயர்வு உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகத் தொகை 2,52,000. இதனை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவர். 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை அவ்வெண் 17. விடை 42,84,000 ரூபாய். சான்றிதழின் 60 விழுக்காட்டோடு நின்றால் 25,70,400. ஓட்டுநரின் தொழில் எது என்று எடுத்துரைக்காமல் விட்ட ஒன்றினால் 17 இலட்சத்திற்கு மேல் வேறுபாடு!

"கூலிக்காரனிடம் வருமானச் சான்று ஏது?" என்று கேட்பார் உளர். விபத்தில் காலை இழந்த காய்கறி வணிகர் ஒருவரின் வழக்கில், ஆவணம் இல்லாத நிலையிலும் அவர் வருவாய் மாதம் 6,500 ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கீழே 3,500 என்றே கொண்டிருந்தனர். தள்ளுவண்டிக்காரர் வருமானச் சீட்டு வைத்திருக்கமாட்டார் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும்.

மற்றொரு வழக்கு நம் நெஞ்சைத் தொட்டது. 2007இல் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தலையில் அடிபட்டு முற்றிலும் செயலிழந்தாள். தீர்ப்பாயம் 11 இலட்சத்துச் சொச்சம் அளித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதனை 62,27,000 ரூபாயாக உயர்த்தியது. அதில் உதவியாளர் இருவருக்கு மாதம் 5,000 வீதம், பெருக்கெண் 18இன்படி, 21,60,000 ரூபாய் சேர்ந்திருந்தது. பெற்ற தாய் பார்த்துக்கொள்வதற்கும் கூலியா என்று நம் வீடுகளில் கேட்போம். தாயின் பிற்காலத்தில் யார் பார்ப்பார் என்பதை மட்டும் கேட்பதில்லை.

இதனால் சமரசமே கூடாது என்று நாம் சொல்வதாகக் கொள்ளற்க. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. மேல்முறையீடு என்றால் இன்னும் நீளும். முற்றிலும் ஆறிய சிறு காயத்திற்கு மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பதே அறிவுடைமை. ஆயினும் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு இறுதியானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. விரைவு என்னும் நன்மைக்கு நாம் தரும் விலை அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ காப்பீட்டு நிறுவனமே அலுவலர் ஒருவரை அமர்த்தி, முப்பது நாள்களுக்குள் ஒரு தொகையை முன்வைக்க வழி செய்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அடிபட்டவர் விருப்பம். முப்பது நாளில் எலும்பு கூடுமா? கம்பி வைத்த கால் இன்னொரு அறுவை கேட்குமா என்பதாவது தெரியுமா?

அதே திருத்தம் 2022 ஏப்ரல் முதல், விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்திற்குள் மனு அளிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆதலால் மனு அளிப்பதில் விரைவு வேண்டும். தொகைக்கு இசைவதில் பொறுமை வேண்டும். நம்மவரோ தலைகீழாகச் செய்கின்றனர். மூன்றாம் நாள் இசைந்துவிட்டு, மூன்றாம் ஆண்டு வழக்குரைஞரைத் தேடுகின்றனர்.

பணம் வந்தபின் நிகழ்வதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. காசோலை வந்த செய்தி பரவியதும் உறவினர் வருகை பெருகும். தங்கை திருமணம் என்பர், மைத்துனன் வெளிநாட்டுப் பயணச் செலவு என்பர். மறுக்கவொண்ணாத உறவுகள்தாம். ஆனால் அத்தொகை லாட்டரியில் விழுந்ததன்று. ஒருவரின் இனிவரும் முப்பது ஆண்டுச் சம்பளம் ஒரே நாளில் வந்திருக்கிறது. தீர்ப்பாயங்கள் ஒரு பகுதியை வங்கியில் வைப்புத்தொகையாக இடச் சொல்வதைப் பலர் இடையூறு என்கின்றனர். நமக்கு அது காப்பாகவே தோன்றுகிறது.

மாணவர்க்கு ஒரு சொல். அடிபட்டவர் வீட்டில் ஆங்கிலத் தாளைப் படிக்கக்கூடியவர் பெரும்பாலும் கல்லூரிக்குச் செல்லும் மகனோ மகளோதான். முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், மருத்துவமனையின் விடுவிப்புக் குறிப்பு, மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது நும் கடன். வழக்குரைஞரை அமர்த்தப் பொருள் இல்லையெனில் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கையொப்பத்திற்கென ஒரு தாள் நீட்டப்படும்போது தொகையை அன்று, அதற்குக் கீழே உள்ள வரியை முதலில் படித்துத் தந்தைக்குத் தமிழில் சொல்லுங்கள். 'முழுமையான, இறுதியான தீர்வாக' என்ற தொடர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.