முன்பணம் யாருடையது?

பி.எஸ்ஸி. (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

நவராத்திரி நெருங்கிவிட்டால் மதுரைக் கடைத்தெருக்களுக்குத் தனி அழகு வந்துவிடுகிறது. தசாவதாரம் ஒரு பக்கம், கல்யாண ஊர்வலம் ஒரு பக்கம், கனத்த செட்டியாரும் அவர் மனைவியும் ஒரு பக்கம். வாங்க வருவோர் விலையைக் கேட்டு மலைத்து நிற்கிறார்கள். அந்த விலையில் செய்த கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேட்பவர்தாம் அரிது. அந்தக் கேள்வியை இம்மலரின் வாயிலாக நான் கேட்க விரும்புகிறேன். கேட்கும் உரிமையும் எனக்கு உண்டு. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில், பொம்மை செய்யும் வீட்டில் பிறந்தவன் நான்.

விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை. எல்லாவற்றுக்கும் மண் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். உழவனுக்குத் தை எப்படியோ, எங்களுக்கு இம்மூன்று பண்டிகைகளும் அப்படி. ஆனால், எங்கள் விளைச்சல் அறுவடைக்கு முன்பே விலை போய்விடுகிறது. இதுதான் எங்கள் துயரம்.

எப்படி என்கிறீர்களா? கொலு புரட்டாசியில் வந்தாலும், அதற்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். மண் குழைத்து, அச்சில் எடுத்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கடைசியில் கண் எழுத வேண்டும். மண்ணுக்கும் விறகுக்கும் வண்ணத்துக்கும் பணம் வேண்டுமே! ஆனி, ஆடியில் கையில் காசு இருப்பதில்லை. அப்போதுதான் வியாபாரி வருகிறார். முன்பணம் தருகிறார், விலையையும் அன்றே பேசி முடிக்கிறார். புரட்டாசியில் கடையில் விலை ஏறுகிறது. எங்கள் விலையோ ஆனியிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து 90 ரூபாய்க்குப் போன பொம்மையொன்றை நகரக் கடை ஒன்றில் 280 ரூபாய்க்குப் பார்த்தேன். என் அத்தை கண் எழுதிய பொம்மை அது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியாதா?

வியாபாரியைப் பழிப்பது என் நோக்கமன்று. உடைசலும் வண்டிக் கூலியும் கடை வாடகையும் அவருடையவை. விற்காமல் தங்கியதும் அவர் தலையில்தான் விடியும். ஆனால், முன்பணம் தர அவர் ஒருவரே இருக்கும்வரை விலை சொல்பவரும் அவர் ஒருவராகவே இருப்பார். "இன்னும் நிறையச் செய்யுங்கள், நிறைய விற்கலாம்" என்று எங்களுக்கு அறிவுரை கூறுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. நிறையச் செய்ய நிறைய முன்பணம் வாங்க வேண்டும். அப்புறம் கட்டு இன்னும் இறுகும். ஆகவே பண்டிகை வியாபாரம் பெருக வேண்டுமானால், முதலில் முன்பணம் வரும் வழி மாற வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறமாட்டேன். கைவினைப் பொருள்களை விற்பதற்கென 1973இல் தோன்றிய பூம்புகார் நிறுவனம் கொலுக் கண்காட்சிகள் நடத்துகிறது. 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் பெற வழி செய்தது. நல்லதே. ஆனால், கடன் ஆனிக்குள் கைக்கு வரவேண்டும். ஆவணியில் வரும் பணம் பழைய முன்பணத்தை அடைக்கத்தான் உதவும்.

நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று சொல்லுகிறேன்.

முதலாவது, ஆடியிலேயே சொல்லி வைத்தல். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் வைப்பது வழக்கம். புரட்டாசியில் வாங்கப் போகும் அந்தப் பொம்மைக்கு ஆடியிலேயே பாதிப் பணம் கொடுத்தால் என்ன? பத்து வீடுகள் தரும் முன்பணம் ஒரு சூளை விறகுக்கு உதவும். குடில் பொம்மைக்கும் இதே முறைதான். ஐப்பசி மழைக்கு முன் காய்ந்து சூளை கண்டால்தான் அது மார்கழிக்கு உதவும்.

இரண்டாவது, கடைக்காரரால் இயலாததை நாங்கள் விற்பது. தசாவதார செட்டில் வாமனர் மட்டும் உடைந்துவிட்டால், கடையில் வாமனரை மட்டும் தருவார்களா? அச்சு வைத்திருப்பவன் தருவான். பாட்டி காலத்துப் பொம்மை வண்ணம் மங்கிப்போய்ப் பரணில் கிடந்தால், அதற்குப் புது வண்ணம் பூசித் தருபவனும் அவனே. இந்த வேலைக்கு மண்செலவு குறைவு; கைக்கூலி முழுவதும் செய்தவனுக்கே.

மூன்றாவது, பெயர். பொம்மையின் அடிப்பாகத்தில் ஊர்ப் பெயரையும் செய்தவர் பெயரையும் பச்சை மண்ணிலேயே பதிக்க ஒரு சிறு அச்சு போதும். அடுத்த ஆண்டு வாங்குபவர் வழி கேட்டு எங்கள் ஊருக்கே வருவார்.

எல்லாப் பொம்மைகளையும் இப்படி விற்க முடியாது. பத்தில் இரண்டு இப்படிப் போனால்கூடப் போதும். மீதி எட்டுக்கு நாங்கள் நிமிர்ந்து நின்று விலை பேசுவோம்.

நம் கல்லூரியிலேயே இதைத் தொடங்கலாமே! நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆடியில் பெயரும் பணமும் பெறட்டும். வணிகவியல் நண்பர்கள் கணக்கு எழுதட்டும். நவராத்திரிக்கு முந்திய வாரம் மரத்தடியில் இரண்டு மேசை போட்டால் பொம்மைகளை நாங்களே கொண்டுவந்து தருவோம். பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: அன்று பேரம் பேசாதீர்கள்!

கொலுப்படியில் பொம்மையை அடுக்கி அழகு பார்க்கிறோம். அதைச் செய்தவனையும் ஒரு படி ஏற்றிப் பார்க்க வேண்டாமா? அதற்கான நேரம் புரட்டாசி அன்று, ஆடி.