உளிப்பெட்டி யாருடையது?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான மரியாதை, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பட்டறைகளில் உளிப்பெட்டி யாருடையது? நான் பார்த்தவரை, உப்புத்தாளால் சிலையைத் தேய்ப்பவள் பெண். வார்னிஷ் பூசுவதும் மரச்சீவலைக் கூட்டி அள்ளுவதும் அவளே. தேய்ந்து தீரும் தாள் அவள் கைக்கு வருகிறது. தலைமுறைக்கும் நிற்கிற உளி வருவதில்லை. கேட்டால், "வீட்டு ஆளுங்க ஒத்தாசை" என்பார்கள்.

கல்வராயன் மலைக்கு ஏறினாலும் இதே கதை. மரவள்ளிக் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்பவளின் அரிவாளும் களைக்கொத்தும் கூரை எறவானத்தில் செருகிக் கிடக்கும். பெட்டி கண்ட கருவிக்குத் தொழில் என்று பெயர். எறவானத்துக் கருவிக்கு வெறும் வேலை.

1989இல் தமிழ்நாடு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. நாடு முழுவதும் அது வர 2005 ஆயிற்று. நிலத்துக்கு வழக்காடிய மகள்கள் உண்டு. அப்பாவின் இழைப்புளிக்கும் கொட்டாப்புளிக்கும் பங்கு கேட்ட மகளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் என் பிரச்சினை.

அரசும் சேர்ந்துதான் சிரிக்கிறது. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், தச்சு உட்பட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறது. ஆனால் குடும்பத்துக்கு ஒருவருக்கு மட்டும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? குலத்தொழிலை வலியுறுத்தும் திட்டம் என்று தமிழ்நாடு எதிர்த்தது, சரியான எதிர்ப்பு. 2024 நவம்பரில் முதலமைச்சர் எழுதிய கடிதத்தில், குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கவேண்டும், குறைந்தபட்ச வயதை 35 ஆக்கவேண்டும், கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்கவேண்டும் என்ற திருத்தங்கள் இருந்தன. 'குடும்பத்துக்கு ஒருவர்' என்ற விதி அவற்றில் இல்லை. சாதி கண்ணில் பட்ட இடத்தில் பெண் படவில்லை.

ஆகவே நம் கருவிக்கு நாமே வண்டி செய்வோம் என்கிறேன். வீட்டுப் பட்டறைக்கான தள்ளுவண்டியைக் காட்டும் காணொளிகளில் கார் நிற்கும் அகலத்துக்கு ஓர் அறை இருக்கும். நமக்கு இருப்பது நடை, திண்ணை, மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை. விருந்தாளி வந்தால் அதுவும் இல்லை. "அப்படியானால் சக்கரம் வைப்பதே சமரசம் இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். சமரசம்தான். ஆணின் பட்டறைக்குச் சக்கரம் தேவைப்படுவதில்லை, அதை யாரும் ஒதுக்கச் சொல்வதில்லை. ஆனால் தனி அறை வரும்வரை துரப்பணம் அரிசிப் பானைக்குப் பின்னால் துருப்பிடிக்கவேண்டுமா?

18 மி.மீ. ப்ளைவுட் போதும். கனமானவை கீழ்த்தட்டில், இல்லாவிட்டால் திருப்பும்போது கவிழும். நான்கு சக்கரங்களில் இரண்டு எப்பக்கமும் திரும்பட்டும், அவற்றுக்குப் பிரேக் இருக்கட்டும். மொத்த எடையை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். மேடுபள்ளத் தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். 90 கிலோ என்றால் ஒவ்வொன்றும் 30 கிலோவாவது தாங்கவேண்டும். நிலைப்படி தாண்டவேண்டுமென்றால் பெரிய சக்கரமாக வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் உயரத்தை விட்டுவிட்டு, நின்றுகொண்டு உங்கள் முழங்கையை மடித்து அளந்து, அதற்குச் சற்றுக் கீழே மேற்பலகை வரும்படி செய்யுங்கள். ஒரு இழுப்பறைக்காவது பூட்டு வையுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கிப்போகிறவர் திருப்பி வைக்கட்டும்.