மூடியைக் கழற்ற என்ன அவசரம்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குச் சென்றிருக்கிறீர்களா? மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் மண் தெரியும். மேலே சேர்வராயன் மலையோ சார்னோகைட் பாறையாலானது. பரங்கிமலையில் கிடைத்த இவ்வகைப் பாறைக்கு 1893-இல் ஹாலண்டு என்ற புவியியலாளர் சூட்டிய பெயர் அது.

இந்த இரண்டு தூசிகளில் எது கண்ணாடிக்குப் பகை? மோஸ் அளவுகோலில் மேக்னசைட்டின் கடினம் ஏறத்தாழ 4. அது கண்ணாடியைக் கீறுவது அரிது. சார்னோகைட்டில் உள்ள குவார்ட்சின் கடினம் 7. அது கீறிவிடும்!

இன்று சுரங்கங்களிலும் ஆலைகளிலும் இயந்திரங்கள் கண்ணாடி இழை வழியாகவே பல செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. தொலைதூர ஒளியிழையில் ஒளி செல்லும் உட்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான். நம் தலைமயிரின் தடிப்பில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் அங்கே வழிமறித்து நிற்கப் போதும். இணைப்பான்கள் இரண்டு முனைகளையும் வில்விசையால் நெருக்கி அழுத்துகின்றன. இடையில் சிக்கிய மணல் துகள் கண்ணாடியில் குழி பறித்துவிடுகிறது.

ஆகவேதான் ஒவ்வொரு முனையிலும் சிறு மூடி மாட்டி அனுப்புகிறார்கள். அதை வேலை தொடங்கும்போதே மொத்தமாகக் கழற்றி எறிவது தவறு என்பது என் கருத்து. 'பிறகு துடைத்துக்கொள்ளலாமே' என்பார்கள். தூசியைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியுமா? அவசரத்தில் உலர்ந்த துணியால் தேய்த்தால் துகளே உளியாகிவிடும். பதித்த வடத்தின் நீளத்துக்கு மட்டும் கூலி தந்தால் மூடியை யார் பொருட்படுத்துவார்? நுண்ணோக்கியில் பார்த்துத் தேறிய முனைகளுக்கும் கூலி தரட்டும்.

ஏற்காட்டில் மூடுபனித் தொல்லையும் உண்டு. பகலில் சூடேறிய இணைப்புப் பெட்டி இரவில் குளிரும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. இடுக்கு இருந்தால் ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. 'ஐ.பி. 67' என்று அச்சிட்டிருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. அதில் 6 தூசி புகாமையைக் குறிக்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இணைப்பை முழுதும் முடுக்கியிருந்தால்தான், அல்லது அதற்குரிய மூடி இறுக்கமாக இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தூசிக்கான சாதாரண பிளாஸ்டிக் மூடி நீரைத் தடுக்காது.

கழற்றிய மூடியைச் சிலர் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். பையிலும் தூசிதானே இருக்கிறது! சுத்தமான சிறு உறையில் போட்டு வைக்கலாம்.